சாத்தூர் வெயிலும் குமகயாப் புழுக்கமும்

ஜப்பானில் சைத்தாமா மாகாணத்தில் குமகயா என்று ஓர் ஊர். தோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் சுமார் 40 நிமிடம். 2018 ஜூலை 23 அன்று இங்கே 41.1 டிகிரி பதிவானது. அதுவரை ஜப்பானில் எங்கேயும் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அந்த வருடம் பிப்ரவரியில்தான் மகனைத் தூக்கிக்கொண்டு நான் கணவரிடம் வந்து சேர்ந்திருந்தேன். செய்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அடுத்தடுத்து போன். எல்லாருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜன்னலை மூடி ஏசி போட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம்.

என்னைக் கீழே தள்ளியது அந்த 41 டிகிரி இல்லை. அதற்குச் சில நாள் முன்பு வந்த ஒரு சாதாரண 33 டிகிரி.

நான் சாத்தூர்க்காரி. கரிசல் காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பெண்கள் ஜூன் மாதத்திலேயே "கோடை வருகிறது, ஜாக்கிரதை" என்று சொல்லும்போதெல்லாம், எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் 40 டிகிரி வரும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். வெயில் எனக்குப் பழகினது, இவர்களுக்குத்தான் புதுசு என்று.

அந்த வருடம் இந்த வட்டாரத்தில் மழைக்காலம் ஜூன் கடைசியிலேயே முடிந்துவிட்டது. ஜூனில் முடிவது இதுதான் முதல் தடவை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நான் சொல்லும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை, ஜூலை பாதிகூட ஆகவில்லை. விரதம் என்பதால் காலையில் காப்பி மட்டும்தான். தண்ணீர் நிறையக் குடித்தேன், அதில் குறை வைக்கவில்லை. மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குச் சைக்கிளில் கடைக்குப் போனேன். வானம் வெளுத்து மூடியிருந்தது, வெயில்கூடச் சுள்ளென்று அடிக்கவில்லை. திரும்பி வரும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சைக்கிள் மிதித்ததால் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு மாடிப்படி ஏறும்போது தலை கிண்ணென்றது, உடம்பு சிலிர்த்துக் குளிர்கிற மாதிரி இருந்தது, குமட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல். சத்தம் கேட்டு வந்தவர் என்னைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் ஐஸ் பொட்டலங்களைத் துணியில் சுற்றி வைத்தார். அப்புறம் ஒரு பாட்டிலை மூடி திறக்காமலே என் கையில் கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து கொடுத்தால் என்ன என்று அப்போது தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அதுதான் சோதனை. நாமே மூடியைத் திறந்து, சிந்தாமல், புரையேறாமல் குடிக்க முடிந்தால் சமாளிக்கலாம். முடியாவிட்டாலும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலும், காத்திருக்காமல் 119க்கு அடித்து ஆம்புலன்ஸை வரச்சொல்ல வேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் ஊரில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் செய்வது அதுதான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நான் குடித்துவிட்டேன். பாட்டி ஒரே ஒரு சொல் சொன்னார்: "நெச்சூஷோ." வெப்பத் தாக்கு. ஜப்பானுக்கு வருகிறவர்கள் வணக்கம், நன்றியோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய சொல். பிறகு உமேபோஷி என்ற, உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைக் காட்டி, இது மட்டும் போதாது என்று கையை ஆட்டினார். காலையிலிருந்து வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருந்திருக்கிறது, நான் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கால் பிடித்து இழுத்தது அதன் முதல் அறிகுறி.

சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. "ஏம்மா, முப்பத்து மூணுதானேங்கிற? நம்ம ஊர்ல அது மார்கழி கழிஞ்சதும் வர்ற வெயிலு."

அம்மா சொன்னது சரி. ஆனால் எங்கள் ஊரில் வியர்வை வந்த இடம் தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை முதுகில் உப்புப் பூத்திருக்கும், அவ்வளவுதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. வழிந்து கீழே விழுந்த வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை, நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். நம்மிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: புழுக்கம். ஜப்பானியர்கள் 'முஷி அட்சுய்' என்கிறார்கள். முஷி என்றால் ஆவியில் அவிப்பது. கொழுக்கட்டை அவிப்பதற்கும் அதே சொல்தான். எங்கள் பக்கம் "அவிச்சு எடுக்குது" என்போமே, அதேதான்.

அன்றிலிருந்து கைபேசியில் டிகிரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இங்கே 'அட்சுசா ஷிசூ' என்று இன்னோர் எண் சொல்கிறார்கள், சூட்டுக் குறியீடு என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 7 பங்கு, வெயிலும் தரையும் வீசும் அனலை அளக்கும் கறுப்புக் குண்டுக்கு 2 பங்கு, நாம் பார்த்துப் பழகிய வெப்பநிலைக்கு வெறும் 1 பங்கு. இப்படிக் கலந்து கணக்கிடுகிறார்கள். இந்தக் குறியீடு 28ஐத் தாண்டினால் கடும் எச்சரிக்கை. 31ஐத் தாண்டினால் ஆபத்து, வெளியே ஓடியாடும் வேலையே கூடாது. 33 வரும் என்று தெரிந்தால் மாகாணத்துக்கே எச்சரிக்கை விடுகிறார்கள், 2021 முதல் நாடு முழுவதும் இது நடப்பில் இருக்கிறது. பகலில் தெருமுனை ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வருகிறதே, நமக்கில்லை என்று நாம் விட்டுவிடுகிறோமே, கோடையில் அது பெரும்பாலும் இதுதான். சூட்டுக் குறியீட்டைச் சாதாரண டிகிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். '31தானே' என்று நினைத்துக் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படுத்திருந்த அந்த இரண்டு மூன்று நாளில் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். சாத்தூரில் வெயிலைத் தாங்கியது என் உடம்பா? எங்கள் வீடு ஓட்டு வீடு, உயரமான கூரை, நடுவில் முற்றம், வாசலில் வேம்பு. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை தெருவில் ஈ காக்கை இருக்காது. காலையில் நீச்சத்தண்ணி, பதினோரு மணிக்கு உப்புப் போட்ட மோர், பேருந்து நிலையத்தில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு. பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்பது. இத்தனையும் சேர்ந்துதான் வெயிலை என் மேல் படாமல் பார்த்துக்கொண்டது. அதில் ஒன்றும் என்னோடு விமானத்தில் வரவில்லை. உடம்பின் பழக்கம்கூட வரவில்லை. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், சில வாரம் குளிரில் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும் என்கிறார்கள். பிப்ரவரிக் குளிரிலிருந்து ஐந்து மாதம் கடந்து வந்த என் உடம்புக்கும் இங்கேயே பிறந்தவர் உடம்புக்கும் வித்தியாசமே இருந்திருக்காது.

அதனால் இப்போது ஒவ்வொரு வருடமும் மே மாதத்திலேயே ஆரம்பித்துவிடுகிறோம். சாயங்காலம் வியர்க்கிற அளவுக்கு நடக்கிறோம். குளிர்காலத்தைப் போலவே தொட்டியில் வெந்நீர் நிரப்பி உட்கார்ந்து வியர்க்க விடுகிறோம். பழகாத உடம்போடு ஜூலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இனி வீடு. எங்களுடையது இரண்டு மாடி மரக் கட்டடம், மேல் வீடு, தலைக்கு மேல் தகரக் கூரை, படுக்கையறை ஜன்னல் மேற்கே. வாடகை குறைவு என்று எடுத்த வீடு. மேற்கு வெயிலுக்கு 'நிஷிபி' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், வீடு பார்க்கும்போது ஜப்பானியர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். எங்களுக்குத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஆறினாற்போல் இருக்கும். தடித்த திரைச்சீலை வாங்கி உள்ளே தொங்கவிட்டோம், பிரயோஜனம் இல்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகு திரையைப் போட்டால் அந்தத் திரையே சூடாகி அறைக்குள் அனலை வீசுகிறது.

கீழ்வீட்டுப் பாட்டிதான் இதற்கும் வழி சொன்னார். தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் சிம்பில் பின்னின 'சுதாரே' மலிவாகவே கிடைக்கிறது, ஜன்னலுக்கு வெளியே கொக்கி மாட்டித் தொங்கவிடலாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் 'யோஷிசு' என்ற நாணல் தட்டியைச் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள், நம் ஊர்த் தட்டிதான். பாட்டி இன்னும் ஒரு படி மேலே போய் மே மாதத்தில் தொட்டியில் பாகல் நட்டு, வலை கட்டி, ஜூலைக்குள் ஜன்னல் முழுக்கப் படர விட்டுவிடுவார். இதைப் பச்சைத் திரை என்கிறார்கள். பள்ளிக்கூடங்களில், நகராட்சிக் கட்டடங்களில்கூட வளர்க்கிறார்கள். இலை நீராவி விடுவதால் அந்தப் பக்கக் காற்றே கொஞ்சம் தணிந்து வருகிறது. இங்கே பாகற்காய்க்குப் பெயர் கோயா. எங்கள் வீட்டில் சுதாரே மாட்டின அன்று மாலையே படுக்கையறையில் வித்தியாசம் தெரிந்தது. இந்த எட்டுக் கோடையில் நான் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ளது அந்தச் சுதாரேதான் என்று தயங்காமல் சொல்வேன்.

வாசலில் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் இவர்களிடம் உண்டு, 'உச்சிமிசு' என்பார்கள். குளித்த தொட்டித் தண்ணீரைக்கூட இதற்கு எடுத்துவைக்கிறார்கள். காலையிலும் பொழுது சாய்ந்தபிறகும் மட்டும்தான் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் ஆவி கிளம்பிப் புழுக்கம் கூடும், நம் பாட்டிமார்களும் இதைத்தான் சொல்வார்கள்.

வெளியே போய்விட்டு வந்தால் உடனே ஏசியைப் போடாதீர்கள். முதலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, ஐந்து நிமிடம் உள்ளே அடைந்து கிடக்கும் அனலை வெளியே தள்ளுங்கள். அப்புறம் மூடிவிட்டு ஏசி.

ஏசியின் ரிமோட்டில் எல்லாமே ஜப்பானிய எழுத்து. முதல் கோடையில் நாங்கள் 'டிராய்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, மின்சாரம் மிச்சம் என்று இருந்தோம். அது ஈரத்தை எடுப்பதற்கு. ஜூன் மழைக்காலத்தில், 26, 27 டிகிரியில் எல்லாம் நசநசவென்று இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஜூலை ஆகஸ்டில் அது போதாது, பெரும்பாலான இயந்திரங்களில் அந்த நிலையில் குளிர்ச்சி மிகக் குறைவு. அப்போது வேண்டியது 'ரெய்போ', அதாவது குளிரூட்டல். குளிரூட்டும்போதே ஈரமும் தண்ணீராகக் குழாய் வழி வெளியே போய்விடும். அந்தக் குழாயின் முனையில் மண்ணோ பூச்சிக்கூடோ அடைத்தால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். எங்களுக்கு ஓர் ஆகஸ்ட் ராத்திரி சொட்டியது. கோடைக்கு முன்பே முனையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தூசி எடுங்கள். வெளியே இருக்கும் பெட்டிக்கு மேலே நிழல் கொடுக்கலாம், முன்பக்கம் காற்று வெளியேறும் வழியை மட்டும் மறைக்கக் கூடாது.

எத்தனை டிகிரியில் வைப்பது? அலுவலகங்களில் 28 என்று ஒரு கணக்கு உண்டு. 2005இல் அரசு கொண்டுவந்த 'கூல் பிஸ்' இயக்கத்தில் வந்தது. கழுத்துப்பட்டையும் கோட்டும் இல்லாமல் வேலைக்கு வரலாம் என்று ஆனதும் அப்போதுதான். ஆனால் அந்த 28 அறையின் வெப்பநிலை, ரிமோட்டில் வைக்கும் எண் இல்லை. எங்கள் வீட்டில் 28 என்று வைத்தால் தகரக் கூரை புண்ணியத்தில் படுக்கை 30க்குக் குறையாது. வெப்பமும் ஈரமும் காட்டும் ஒரு சின்ன மானி வாங்கிப் படுக்கும் இடத்தில் வையுங்கள். ஈரம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 28கூடத் தாங்கும், 75 ஆனால் 27லும் உறக்கம் வராது. கூடவே விசிறியையும் போட்டால் ஏசியை ஒரு டிகிரி ஏற்றி வைக்கலாம்.

ராத்திரி ஏசியை நிறுத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இரண்டு மணி நேரத்தில் தானாக நிற்கும்படி வைத்துவிட்டுப் படுத்து, மூன்று மணிக்குப் போர்வை நனைந்து எழுந்திருப்போம், மகன் உடம்பெல்லாம் வேர்க்குரு. 2018 மே முதல் செப்டம்பர் வரை வெப்பத் தாக்கால் ஆம்புலன்ஸில் போனவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். அதில் பத்தில் நான்கு பேர் வீட்டுக்குள் இருந்தவர்கள். 25 டிகிரிக்குக் கீழே இறங்காத ராத்திரிக்கு இங்கே 'வெப்பமண்டல இரவு' என்று பெயர். வெளியே 26 என்றால் பகல் முழுக்கக் காய்ந்த கூரைக்குக் கீழே 30. கோடை மாதங்களில் கட்டணம் இரண்டாயிரம் மூவாயிரம் யென் கூடுதலாக வரும், வரட்டும்.

படுக்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே 'இகுசா' என்ற கோரை போன்ற புல்லில் பாய் பின்னுகிறார்கள், 'கோசா' என்று கேட்டால் கிடைக்கும். மெத்தை மேல் அதை விரித்துப் படுத்தால் முதுகு ஒட்டாது, அடியில் காற்று ஓடும். முதன்முதலில் கடையில் அந்தப் பாயைப் பிரித்து முகர்ந்தபோது கல்யாணத்துக்கு எடுத்த பத்தமடைப் பாய் வாசம் வந்தது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

குடிப்பதற்கு இங்கே வீட்டுக்கு வீடு 'முகிச்சா' உண்டு. வறுத்த பார்லியில் ஊறும் தண்ணீர். ராத்திரி ஒரு பையைக் கூஜாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் தயார். காப்பியில் இருக்கிற காஃபின் இதில் கிடையாது என்பதால் குழந்தைகளும் குடிக்கலாம், சர்க்கரையும் இல்லை. ஆனால் உப்பும் கிட்டத்தட்ட இல்லை, அதனால் நிறைய வியர்த்த நாளில் இது மட்டும் போதாது. உப்பு மிட்டாய் விற்கிறார்கள், 'ஷியோ அமே'. அவசரத்துக்கு வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிக்கொடுப்பார்களே, அதே கரைசல்தான்.

எனக்கு மோர்தான் சரிப்பட்டது. சர்க்கரை போடாத தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கடைந்து, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை இல்லாத குறைக்கு 'ஷிசோ' இலையைக் கிள்ளிப் போடுகிறேன். பாட்டி கொடுத்த உமேபோஷியைத் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் உப்பு நாரத்தங்காய் இருந்த இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது. இதை ஜப்பானில் இருக்கும் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுப்பு அதிகம் எரியாத சாப்பாடாக இருந்தால் இன்னும் நல்லது. 'சோமென்' என்ற மெல்லிய சேமியா இரண்டே நிமிடத்தில் வெந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் அலசித் தயிரில் போட்டுத் தாளித்தால் மகன் விரும்பிச் சாப்பிடுவான். ஆகஸ்டில் இட்லி மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், கண் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு ஐஸ் பொட்டலம் வையுங்கள், இந்தப் புழுக்கத்தில் சோறு சீக்கிரம் ஊசிப்போகும்.

துணிமணியில் நான் நம்பி வந்த ஒன்று பொய்த்தது. பருத்தி. எங்கள் ஊர்க் காய்ந்த வெயிலுக்குப் பருத்தியைப் போல வேறில்லை. இங்கே அது வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் உலரும் மெல்லிய செயற்கை இழை உள்ளாடையும் மேலே தளர்வான லினனும்தான் இப்போது. குடை கட்டாயம், ஆண்களும் வெட்கப்படாமல் பிடிக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கழுத்தில் மாட்டும் குளிர் வளையம் வந்திருக்கிறது. 28 டிகிரிக்குக் கீழே தானே உறைந்துவிடும், ஐஸைப் போலக் கடிக்காது. தார் ரோட்டின் அனல் நம் முகத்தைவிடக் குழந்தையின் முகத்தில்தான் முதலில் படும். தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

வேலைக்கென்று வருகிறவர்களுக்கு ஒன்று. தொழிற்சாலை, கட்டடம், தோட்டம் என்று உடல் உழைப்புக்கு வரும் நம் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். என் கணவர் முதலில் இருந்த இடத்தில் கிடங்குக்குள் மதியம் உட்கார நேரம் கொடுக்க மாட்டார்கள், கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று இவரும் கேட்க மாட்டார். 2025 ஜூன் 1 முதல் சட்டம் மாறியிருக்கிறது. சூட்டுக் குறியீடு 28க்கோ வெப்பநிலை 31க்கோ மேல் உள்ள இடத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், அல்லது நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், உடம்பு முடியாதவர் யாரிடம் சொல்ல வேண்டும், எப்படி வேலையை நிறுத்தி உடம்பைக் குளிர்விக்க வேண்டும், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நிறுவனம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து தொழிலாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. "தலை சுற்றுகிறது என்றால் யாரிடம் சொல்ல?" என்று ஜூன் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகில் இரண்டு விசிறி பொருத்திய சட்டை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையைக் காய வைப்பதுதான் அதன் வேலை, உள்ளே உடம்போடு ஒட்டும் மெல்லிய பனியன் இருந்தால்தான் பலன் தெரியும்.

2024 ஜூலையில் அம்மா வந்தாள். பேரனின் விடுமுறைக்கு ஏற்றாற்போல் டிக்கெட் எடுத்தோம், இப்போதானால் அக்டோபரில்தான் கூப்பிடுவேன். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூப்பிட நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். அம்மாவுக்கு 68 வயது. ஏசி காற்று முழங்காலைப் பிடிக்கிறது என்று, நாங்கள் வெளியே போனதும் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வாள். "வெயிலே அடிக்கல, இதுக்கு எதுக்கு கரண்ட வீணாக்குற?" ஒருநாள் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் அறையில் 33, ஈரம் 70. அம்மா வியர்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள், தாகமே இல்லை என்கிறாள். வயது ஆக ஆகத் தாகமும் தெரியாது, சூடும் உறைக்காது. இங்கே வெப்பத் தாக்கில் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரியும். காற்று நேரே படாதபடி ஏசியின் இதழை மேலே திருப்பி, முழங்காலுக்கு ஒரு சால்வை கொடுத்தேன். படுக்கை அருகே மானியை வைத்து, இந்த எண் 28ஐத் தாண்டினால் எனக்கு போன் பண்ண வேண்டும் என்று சொன்னேன். எழுந்ததும், சாப்பாட்டோடு, படுக்கும் முன் என்று நேரம் வைத்து மோரோ முகிச்சாவோ ஒரு டம்ளர், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் உப்பை எந்த அளவு சேர்க்கலாம் என்று ஊரில் அவளைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டுக்கொண்டோம். பகலில் எதிரே இருக்கும் நூலகத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தோம். 2024 முதல் இப்படிப்பட்ட இடங்களை வெப்பத்தில் ஒதுங்கும் இடமாக நகராட்சிகளே குறித்து வைக்கின்றன, யாரும் போய் உட்காரலாம், எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் சைத்தாமாவில் #7119க்கு அடித்து ஆலோசனை கேட்கலாம். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனைக்கு உண்டு, அதனால் வருகிறவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள்.

அம்மாவும் பாட்டியும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாமல் சிநேகிதமாகிவிட்டார்கள். பாட்டி பாகல் கொடியிலிருந்து பறித்துக் கொடுக்க, அம்மா வெல்லம் போட்டுத் தொக்கு கிண்டிக் கொடுப்பாள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் நான்கு பொட்டலம் முகிச்சா.

2025 ஆகஸ்ட் 5 அன்று தோனே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இசேசாகியில் 41.8 டிகிரி பதிவானது. எங்கள் ஊரின் பழைய எண்ணை ஒரு வாரத்துக்கு முன்பே தம்பா என்ற ஊர் தாண்டியிருந்தது. அன்றைக்கும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எத்தனை டிகிரி என்று அவள் கேட்கவில்லை.

"ஈரம் எவ்வளவு காட்டுது? பாட்டி வீட்ல ஏசி ஓடுதா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா."

கூஜாவை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.